தட்டில் காட்டியது

நவ. 11, செவ்வாய்
போதும், இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது. இங்காவது எழுதுகிறேன்.

விடாத மழை. பாளையங்கோட்டை, ஆஸ்பத்திரி மாடி அறை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். இருமினால் உயிர் போகிறது.

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்தது. காது மரக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர்: "இங்கன பாருங்க, இது குடல் இல்ல." பிறகு, "சார் வீட்டம்மாவக் கூப்பிடுங்க."

இறங்கியிருந்த குடலோடு சின்னதாக ஒரு கர்ப்பப்பை. என் உடம்பில். பிறவியிலேயே வந்ததாம். பிறகு அறைக்கு வந்த டாக்டர் சொன்னார்:

"நீங்க ஆம்பளதான் சார், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா விரை ரெண்டும் இறங்காம நின்னது இதனாலதான். பிள்ளை இல்லாததுக்கும் அதுதான் காரணமா இருக்கும்."

விரை இறங்காதது பதினாறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். மனைவி செல்வியிடம்கூடச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவளைத்தான் டாக்டர் டாக்டராக அழைத்துப் போனேன். என்னைச் சோதிக்க வேண்டும் என்றபோதெல்லாம் கல்லூரியில் வேலை என்று நழுவினேன்.

நவ. 13, வியாழன்
வலி பரவாயில்லை. கஞ்சியில் உப்பு இல்லை.

எடுத்ததைத் தட்டில் வைத்து, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் காட்டுவது இங்கே வழக்கம். செல்விக்கும் காட்டியிருக்கிறார்கள். மூன்று நாளாக அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானே கேட்டேன்.

"பாத்தேன். பிஞ்சுக் கத்திரிக்கா அளவுதான். பாவமா இருந்துச்சு."

"என் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. தையலப் பிரிக்கட்டும், வச்சுக்கிடுதேன்."

சிரித்துவிட்டேன். சுரீரென்று வலி. தையல் மேல் தலையணையை வைத்து அவளே அழுத்திப் பிடித்தாள்.

நவ. 16, ஞாயிறு
வீடு. நல்ல வெயில். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அக்கா போன். நான் அவளோடு பேசி ஒன்பது வருஷம், செல்விதான் எடுத்தாள். சின்ன மகளுக்கு அடுத்த ஞாயிறு வளைகாப்பு.

"நீயும் வா செல்வி. வளையல் மட்டும் போடாண்டாம், என்ன? பந்தியப் பாத்துக்கோ."

"சரி மதினி."

ஒன்பது வருஷம் முன்னால் அக்காவின் மூத்த மகள் வளைகாப்பிலும் இதேதான். அன்று பெரிய நியாயவான் மாதிரி அக்காவோடு சண்டை போட்டுப் பேச்சை முறித்தேன். குறை என்னுடையது என்று அப்போதும் சொல்லவில்லை.

நவ. 17, திங்கள்
அக்காவுக்கு நாலு பக்கம் எழுதினேன். செல்வி படித்தாள்.

"மதினியத் திட்டுனதெல்லாம் எதுக்கு?" அந்த வரிகளை அடித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது. "இதையும் எடுத்துருதேன். ஊர்ல உங்கள என்ன சொல்லுவாவ?"

"அது இருக்கட்டும்."

மிச்சம் இவ்வளவுதான்: பிள்ளை இல்லாததற்குக் குறை என்னிடம். ஆபரேஷனில் உறுதியானது. எனக்கு முன்பே தெரியும். செல்வி உன் மகளுக்கு வளையல் போட வேண்டும்.

அடியில் 'அன்புத் தம்பி' என்று போடப் போனேன். அதற்கு இன்னும் மனசு வரவில்லை. என் எழுத்து அவளுக்குத் தெரியும். பெயர் போடாமலே இன்று தபாலில் சேர்க்கிறேன்.