டாங்க் மூடியில் அடைத்த மண்

அன்புள்ள அம்மாவுக்கு, நோர்வின் வணங்கி எழுதுவது. நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் தோட்ட வேலை செய்யும் இந்த கோஸ்டா ரிக்கா ஹோட்டலில் நேற்றுக் காலை என் புல்வெட்டும் மெஷின் கொஞ்ச நேரம் ஓடுவதும் நின்றுவிடுவதுமாக இருந்தது.

“சாயங்காலம் தோட்டத்துல கல்யாணம்! மெஷினைக் கெடுத்துட்டியேடா, மூட்டையைக் கட்டு!” என்று மேஸ்திரி எலியோடோரோ குதித்தார்.

பிளக், கார்புரேட்டர் எல்லாம் துடைத்தும் பலனில்லை. கடைசியில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகினேன்; உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது. மூடியில் காற்றுப் போகும் துளையை மண் அடைத்திருந்ததால் பெட்ரோல் இறங்கவில்லை. கம்பியால் குத்தியதும் நிற்காமல் ஓடியது. சைலன்சரில் விரல் லேசாகச் சுட்டது, அவ்வளவுதான்.

“மாப்பிள்ளைக்கு அடுத்த கேக்கு உனக்குத்தான்டா!” என்றார் மேஸ்திரி. பெரிய துண்டு, தனியாளாகத் தின்று தீர்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அடுப்படியில் நின்றே பேசுங்கள், அம்மா. சோளரொட்டி தட்டும் சத்தம் கேட்கட்டும்.

இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவருகிறவரின் பஸ் கிளம்பப்போகிறது, முடிக்கிறேன்.

உங்கள் நோர்வின்