பணம் வேண்டாத பார்சல்

செவ்வாய், இரவு.

கொழும்புக் கடைகளுக்கு இதுவரை ஒன்பது மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. விலைப்பட்டியலைக் கண்டதும் அழித்திருப்பார்கள். அதனால் நேற்று ஓர் இனிப்புக் கடைக்கு விலையே போடாமல், மரியாதையாக எழுதினேன்.

"உங்களுக்கு என்னைத் தெரியாது. புதன் காலை மட்டக்களப்பு பஸ்ஸில் உங்கள் கடைக்கு ஒரு பார்சல் வரும். பணம் வேண்டாம். பிரித்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்."

அழகாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

இன்று பார்சலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், நான் மின்னஞ்சல் அனுப்பப் போகும் கொம்யூனிகேஷன் கடை சிவா அண்ணன் வாசலில் நிற்கிறார். மின்னஞ்சலில் அவர் கடைப் போன் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தேன்.

"கொழும்பு முதலாளி கடைக்குப் போன் எடுத்தவர். ஆள் நடுங்கிப் போய்க் கதைக்கிறார். பொலிசுக்கும் சொல்லிட்டாராம். என்ன புள்ள அனுப்பின நீ?"

"கஜுதான், அண்ணன். ரெண்டு கிலோ வறுத்த கஜு."

"அத எழுதியிருக்கலாமே!"

பிரிக்கும்போது முந்திரிப் பருப்பைக் கண்டு சந்தோஷப்படட்டும் என்றுதான் எழுதவில்லை. இப்போது அந்த வரிகளை வாய்விட்டுப் படித்தேன். வெடிகுண்டு அனுப்புகிறவன் எழுதியது போலவே இருக்கிறது.

சிவா அண்ணனின் கடைக்கு ஓடி, கொழும்புக்கு நாலு தரம் போன் எடுத்தோம். யாரும் தூக்கவில்லை. "உள்ளே கஜுதான்" என்று மின்னஞ்சலும் அனுப்பினோம். யார் நம்புவார்கள்?

பஸ் இந்நேரம் முதல் சோதனைச் சாவடியைத் தாண்டியிருக்கும். பார்சலின் மேல் என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைக்காரருக்கு என்மேல் நம்பிக்கை வரட்டும் என்று.