குரங்கு கீழே இருக்கும்வரை

ஜூன் 23, திங்கள்

ஏழாம் வகுப்பில் இன்று பாடம் நடத்தவில்லை. “குற்றாலத்துல வெள்ளம் வரப்போகுதுன்னு எப்படித் தெரியும்? மனசுல வர்றத எழுதுங்க, சரி தப்பு பாக்க மாட்டேன்” என்றேன். பெர்சிஸ் எழுதியது பிரமாதம். வெள்ளத்துக்கு முன்னால் பாறை, குரங்குகளின் காதில் போய்ச் சொல்லுமாம். உடனே எல்லாம் மரமேறிவிடுமாம். குரங்கு கீழே இருக்கும்வரை யாரும் பயப்பட வேண்டாமாம்! வராண்டா சுவரில் ஒட்டிவிட்டேன்.

தலைமை ஆசிரியர் சண்முகநாதன் சார் நின்று படித்தார். “நல்லாத்தான் இருக்கு டீச்சர். நெசத்த எப்போ சொல்லப் போறீய?” இந்த மனுஷனுக்கு எல்லாமே பரீட்சைதான். நிஜம் எங்கே ஓடிப்போகிறது, அடுத்த வாரம் சொன்னால் போகிறது.

ஜூன் 25, புதன்

நாள் முழுக்கச் சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை.

ஜூன் 27, வெள்ளி

கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பு உலகம்மை, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டு போனாள்: “கொரங்கு கீழ நின்னா தைரியமா குளிக்கலாம்ட்டி. டீச்சரே செவுத்துல ஒட்டிருக்காவல்லா.”

முதலில் சிரிப்புதான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடச் சுவரில் இருந்தால் அவர்களுக்கு அது பாடம். தண்ணீர் கலங்குவது, இலை தழை அடித்து வருவது, இங்கே வெயிலடித்தாலும் மலைமேல் மழை பெய்வது — ஒன்றுகூட நான் சொல்லவில்லையே. திங்கள்கிழமை முதல் வேலையாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 28, சனி

காலையில் வெயில். மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. மனசு கேட்காமல் உலகம்மை வீட்டுக்கு போன் போட்டேன். அவள் அப்பா எடுத்தார். “அவளும் அவ அம்மையும் குத்தாலத்துக்குப் போயிருக்காவ டீச்சர்.” அம்மாவின் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளிக்கப் போனவள் போனையா கையில் வைத்திருப்பாள்?

கடவுளே, ஒன்றும் ஆகிவிடக் கூடாது. நான் ஏன் அதை ஒட்டினேன்? பக்கத்தில் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அருவி செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தை வெளியே விரட்டிவிட்டார்கள். கடை ஓரத்தில் உலகம்மை, காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். உயிரோடு.

அவள் அம்மா படபடத்தாள். “போலீஸ் விசில் ஊதுதாவ, எல்லாரும் ஓடுதாவ, இவ அசையல டீச்சர்! கொரங்கு கீழதான நிக்குன்னு சாதிக்கா. முடியப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.” இழுத்த வேகத்தில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் முறிவு.

அது என் சுவரிலிருந்து வந்தது என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

தாளைக் கிழித்தேன். வெள்ளத்தின் அறிகுறிகளைச் சொல்லச் சொல்ல மூன்று தடவை எழுத வைத்தேன். பெர்சிஸ் எழுந்து, “நான் எழுதுனதுனாலயா டீச்சர்?” என்று கேட்டாள்.

இல்லட்டி, என்னாலதான். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? “உட்கார்ந்து எழுது” என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

உலகம்மைக்கு மாவுக்கட்டு. ஆறு வாரம். பார்க்கப் போகத் தைரியம் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

பத்து நாளாக எல்லாம் நான் சொல்லித்தான் எழுதினார்கள். இன்று, நிலாவுக்குப் போனால் என்ன செய்வீர்கள், இஷ்டத்துக்கு எழுதுங்கள் என்றேன். யாரும் பேனாவை எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

பெர்சிஸின் நோட்டு: “நிலா பூமியின் துணைக்கோள். அதற்குச் சொந்த ஒளி இல்லை. அங்கே காற்று இல்லை. நான் போகவில்லை டீச்சர்.”

ஒரு பிழையும் இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.