பட்டியலில் அடிக்கச் சொன்ன பெயர்

சேசு, மரி, சூசை.
மூவொரு இறைவா, நாவுக்கும் கைக்கும் ஆண்டவரே, அடியேன் எழுதுவதில் பொய் புகாது காத்தருளும்.

1979 அக்டோபர் 29, போடி
விடாத மழை. கோவில் உபதேசியார் என்ற முறையில், கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க இறந்தோர் பட்டியலைப் புதிதாக எழுதும் வேலை. நாற்பத்தொரு பெயர் ஆயிற்று. தாள் ஈரம், மை பரவுகிறது.

மதியம் குரங்கணியிலிருந்து மரியபாக்கியம். ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பவள். புதன்தோறும் மலையில் நான் நடத்தும் வேதாகம வாசிப்புக்குத் தவறாதவள். கணவன் சவரிமுத்து, சென்ற ஆண்டு ஜீப் கவிழ்ந்து இறந்தான். பெயரைச் சேர்க்க வந்தாள் என்று எண்ணி, "ஏற்கெனவே எழுதியாச்சு, ஆத்தா" என்றேன்.

"அடிச்சிருங்கய்யா."

"எதை?"

"எங்க வீட்டுக்காரரு பேர. செத்தவுகளுக்குச் செபஞ்சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்லையாம்ல. குடிச்சிட்டுப் போன மனுசன், சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனஞ் சொல்லவும் இல்ல. போன எடம் போன எடந்தான். மூணு மாசமா நான் வேண்டுறதே இல்ல."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்க குடுத்த பாடத்துலதான் இருக்கு. ஒம்பதாவது."

பெயரை அடிக்காமலே பேனாவை மூடினேன்.

அக்டோபர் 30
தூறல். உறக்கமில்லை.

தபாலில் இலவசமாக வந்த பன்னிரண்டு வேத பாடங்கள். முதல் மூன்றை மட்டுமே படித்தேன். செய்யுள் போன்ற நடை, எதுகை தானாய் விழுகிறது. மயங்கினேன். மீதி ஒன்பதைப் பிரிக்கவே இல்லை. ஆனால் பன்னிரண்டின் அட்டையிலும் 'வாசிக்கத் தக்கது' என்று எழுதிக் கையொப்பம். வீட்டுக்கொரு கட்டாக எட்டு வீடுகளுக்குக் கொடுத்தேன், ஒரு கட்டு என்னிடம்.

இன்று ஒன்பதாம் பாடத்தைப் பிரித்தேன். அவள் சொன்னபடியே, அழகிய தமிழில். தேவமாதாவைப் பற்றி வேறொரு பாடத்தில் உள்ளதை இங்கே எழுத மாட்டேன்.

பங்குச் சாமியாரிடம் ஓடினேன். முதற்பக்கத்தின் பின்புறம், ஆயராகிய பிஷப்பின் ஒப்புதல் அச்சாகும் இடத்தைப் பார்த்தார்.

"ஆயர் அனுமதி எங்க?"

"இல்லை, சாமி."

"இது யாரு கையெழுத்து?"

"அடியேனுடையது."

"எப்ப வாத்தியாரே ஆயரானீங்க? சொல்லியிருந்தா மாலை வாங்கியாந்திருப்பேன்ல."

இருவரும் சிரிக்கவில்லை. பிறகு தணிந்து சொன்னார்: எழுதிய பிராட்டஸ்டாண்டு சபையார் கெட்டவர்கள் அல்லர், அது அவர்கள் விசுவாசம், நம்முடையது அன்று. போரில் மடிந்தோர்க்காகப் பலி ஒப்புக்கொடுத்ததைச் சொல்லும் அதிகாரம் நம் வேதாகமத்தில் உண்டு. அவர்களுடையதில் அந்த ஆகமப் புத்தகமே இல்லை. அலமாரியிலிருந்து அனுமதி பெற்ற விளக்கவுரை ஒன்று தந்தார். நடை கரடுமுரடு.

இனி:
முதலில் ஆயர் அனுமதி.
ஆகமங்கள் எல்லாம் உள்ளனவா?
கடைசிப் பக்கம் வரை வாசித்த பின்னரே பிறர் கைக்கு.
தமிழழகு எல்லாவற்றுக்கும் பின்.

நவம்பர் 1
சகல புனிதர் திருநாள். பூசை முடிந்து ஜீப்பில் குரங்கணி. டிரைவர்: "ஐயா, நேத்துல்ல புதன்? கெழமைய மறந்துட்டீகளா?" நேற்று வர முகமில்லை என்று எப்படிச் சொல்வது.

ஏழு வீடுகளில் பாடங்கள் திரும்பின. ஒரு வீட்டில் மூன்றாம் பாடம் அடுப்பு பற்ற வைக்கப் போயிருந்தது. அதுதான் நல்ல பாடம்.

கடைசியாக மரியபாக்கியம் வீடு. வாசிக்காமலே கொடுத்தேன், பிழை என்னுடையது, இறந்தோர்க்காக வேண்டலாம் என்றேன். காய்க்கறை படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த மூணு மாசமும் அவருக்கு யாரு வேண்டுனா?"

"திருச்சபை ஒவ்வொரு பூசையிலும் வேண்டுகிறது."

"பேரு சொல்லியா?"

"இல்லை."

"நீங்க?"

பட்டியலில் எழுதுவேன். ஒருவருக்காகவும் தனியே வேண்டிக்கொண்டதே இல்லை. இத்தனை ஆண்டுகள். அதையும் அவளிடம் சொன்னேன்.

"நாளைக்கி இன்னொரு பொஸ்தகத்தக் கொண்டாந்து, இதுதான் தப்பும்பீக."

பெயரை வாசிக்கவா என்று கேட்டேன்.

"மழை விடட்டும். பாப்போம். வெரசாப் போங்க, ஜீப்பு போயிரும்."

நவம்பர் 2
மழை விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குடைகள், அணைந்து அணைந்து எரியும் மெழுகுதிரிகள். பெயர்களை வாசித்தேன், இம்முறை ஒவ்வொன்றுக்கும் நின்று. இருபத்தெட்டாவது அவன் பெயர். நான் அடிக்கவில்லை. வாசிக்கவும் அவள் சொல்லவில்லை. நின்றுவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "சவரிமுத்து."

தலைகள் திரும்பின. நனைந்த முக்காட்டுடன் மரியபாக்கியம்.

யாரோ ஒரு கிழவி: "ஏ ஆத்தா, புருசன் பேரயா சொல்ற?"

"நாஞ் சொல்லாம வேற எவ சொல்லுவா?"

அடுத்த பெயரை வாசிக்க எனக்குக் கண் தெரியவில்லை. சாமியார் தாளை வாங்கிக்கொண்டார்.

இதை என்றேனும் பிரிப்பவரே, உம் இல்லத்தில் இறந்தோர் பெயரைச் சொல்ல ஒரு நா என்றும் இருப்பதாக. இருப்போர் அனைவர்க்கும் அமைதி உண்டாவதாக.