சித்தப்பா கொடுத்த ஓட்டல் பட்டியல்

சோழநாட்டு இளவரசியான என் அக்கா மகளுக்கு,

சிங்கப்பூரிலிருந்து புது மாப்பிள்ளையோடு வருகிறவள், எங்கே சாப்பிடலாம் என்று உன் சித்தப்பாவைக் கேட்டிருக்கிறாய். அவரும் ஏழு ஓட்டல் எழுதிக் கொடுத்திருக்கிறார். டெல்டாவின் பாதி இட்லியைத் தின்றே தீர்த்த நான் இங்கே உயிரோடுதான் இருக்கிறேன்.

அந்தத் தஞ்சாவூர்க் கடை சாம்பாரில் பருப்பு எடுக்க முத்துக்குளிக்கிற ஆள் வேண்டும். மன்னார்குடிக் கடைக்கு நேற்று நானே போனேன், குறை கண்டுபிடிக்கத்தான். ஆறு தோசை தின்றும் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கல்யாணமானதும் முதல் விருந்து தாய்மாமன் வீட்டில்தானே? "அத்தை போனப்புறம் மாமாவை ஏன் சிரமப்படுத்தணும்" என்றாயாம். அக்கா சொன்னாள்.

எனக்கென்ன சிரமம்? மூன்று மாதமாகச் சமையல் பழகுகிறேன். என் ரச வாசனைக்குக் கும்பகோணம் பஸ் வழிமாறி நம் தெருவுக்குள் வருகிறது. சாதம்தான் இன்னும் குழைகிறது. நீங்கள் வர இருபது நாள் இருக்கிறதே, அதற்குள் சரியாகிவிடும்.

பட்டியலில் முதலில் என் வீட்டை எழுதிக்கொள். அன்றைக்கும் சாதம் குழைந்துவிட்டால், மன்னார்குடிக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
சித்தப்பாவைவிட நூறு மடங்கு ருசி தெரிந்த
உன் ஒரே தாய்மாமன்