ஓடைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தங்கை லோர்னாவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? அவர் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அலாஸ்காவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேட்டைக்காரர்கள் கரடியை வரவழைக்க இரையாக வைப்பதற்கு, பழைய டோனட்டைப் பன்றிக்கொழுப்பில் ஊறவைத்து விற்கிறேன் அல்லவா? ஓடைக்கு அந்தப் பக்கம் மத்திய அரசின் வனவிலங்குக் காப்புநிலம். அங்கே இரை வைக்கலாம் என்கிறது மாநில அரசு. கூடாது என்கிறது மத்திய அரசு.

நேற்று புது பூட்ஸ் போட்ட ஒருவன் வந்தான். "அண்ணே, இதை ஓடைக்கு அந்தப் பக்கம் வைக்கலாமா?"

வைக்கலாம் என்று சொல்லி அவன் மத்திய அரசின் ஆளாக இருந்துவிட்டால், கடைக்குப் பூட்டு. கூடாது என்றால் ஊர்க்காரன் ஒருவனும் என்னிடம் வாங்கமாட்டான்.

"விக்கிறதுதான் தம்பி என் வேலை. வைக்கிறது உன் பாடு" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தான்! எந்த வேட்டைக்காரன் அதைத் தின்பான்? அடுப்பருகே இருந்த ஊர்க்காரன் ஆர்வில், "கரடிக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பா!" என்று சிரித்தான். வந்தவன் முகம் சிவந்து, வாங்காமலே போய்விட்டான்.

நானும் சிரித்தேன். ஆனால் ஆர்வில் திரும்பி, "வைக்கலாம்னு சொல்ல உனக்கு என்னய்யா பயம்? நீ யாரு ஆளு?" என்றான். பதினோரு வருட வாடிக்கைக்காரன் கேட்கிற கேள்வியா இது!

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும். தபாலில் போடாதே, இங்கே தபால் பிரிப்பவள் ஆர்விலின் மைத்துனி, இனி அது என் கைக்கு வந்து சேராது. நீயே கொண்டு வா. ஒரு வாரமாவது இரு.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

உன்
ஹாஸ்கெட்