ஆறு விழுந்தால் மறுபடி உண்டு

அன்புள்ள ராஜம்மா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், பார்த்தாயா? கடிதம் வந்தால் பிரிக்காமல் உன்னிடம் நீட்டிய ஆள் நான். நான் எழுதப் பழகும் பிரிக்பீல்ட்ஸ் முதியோர் வகுப்பில் இதைச் சுவரில் ஒட்டப் போகிறார்களாம். எல்லாரும் படிக்கட்டும்.

நம் மகள் கோமதி ஞாயிறு மதியம் வீட்டில் ஒரு விளையாட்டு நடத்துகிறாள். ஆளுக்கு ஒரு வேஷம். அவள் கதை சொல்லி, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்பாள். நாங்கள் சொல்ல வேண்டும். அவளோடு வேலை செய்யும் தேவா கிள்ளானிலிருந்து வருகிறான், அனிதா செமினியிலிருந்து. இரண்டும் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் பிள்ளைகள். இப்போது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் வேஷத்துக்குப் பலம், அறிவு, பொறுமை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். நான்கு பகடை உருட்டி, பெரிய மூன்றைக் கூட்ட வேண்டும். மூன்றும் ஆறாக விழுந்தால் பதினெட்டு, அதற்கு மேல் கிடையாது. முன்கூட்டியே உருட்டி எழுதி வைக்கச் சொன்னாள். மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உருட்டினேன். வேஷத்துக்கு உன் பெயர். என் கையால் உன் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு வந்ததும் தேவா என் தாளை எடுத்துப் பார்த்தான். எல்லாம் பதினேழு, பதினெட்டு.

"அங்கிள், இது ஆளா, சாமியா?"

"விடு லா. ஆன்டி பேரு. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அனிதா.

கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்காக நீங்களே எழுதிக்கிட்டீங்களாப்பா? பரவாயில்ல. மத்தவங்களுக்கும் அதே நம்பர் குடுத்துடறேன்."

அன்பாகத்தான் சொன்னார்கள். அதுதான் தாங்கவில்லை. இப்போதுதான் எழுதக் கற்ற கை, அதற்குள் பொய்யா எழுதும்? நீயாவது நம்புவாயா? காப்பாரில் குடியிருந்தபோது நாம் தாயம் ஆடும்போதெல்லாம் "கள்ளாட்டம் ஆடுறீங்க" என்று எழுந்து போனவளாயிற்றே.

"உங்க முன்னாலயே உருட்டுறேன்" என்றேன். உருட்டினேன். நான்கில் ஒன்று ஆறாக விழுந்தது. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு நான்கு பகடையையும் மறுபடி எடுத்தேன்.

"ஏம்பா மறுபடி?"

"ஆறு விழுந்திருக்கே. ஆறுக்கு இன்னொரு ஆட்டம் உண்டுல்ல?"

உன் படத்துக்கு முன்னாலும் அப்படித்தான் செய்திருந்தேன். ஒவ்வொரு ஆறுக்கும் நான்கையும் இன்னொரு முறை உருட்டி, எல்லாவற்றிலும் பெரிய மூன்றைப் பொறுக்கினேன். தாயத்தில் அப்படித்தானே, ராஜம்மா?

தேவா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அங்கிள் தாயம் ஆடியிருக்காரு லா." கோமதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சாரிப்பா."

பழைய எண்களையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எல்லாரும் பார்க்க, முறைப்படி உருட்டினேன். பலம் எட்டு. அறிவு பதினாறு. பொறுமை ஐந்து.

"ஐயோ பாவம் ஆன்டி" என்றான் தேவா. அவன் உன்னைப் பார்த்ததில்லை. நானும் கோமதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், அவ்வளவுதான், சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பதினெட்டுக்காரி யாரோ. இவள்தான் நீ.

இப்போது விளையாட்டில் நீ ஒரு பாலத்தின் நடுவில் நிற்கிறாய். எதிரே ஒரு பூதம், வழிவிட மாட்டேன் என்கிறது. அது உன்னிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொள்கிறது என்பதை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன், இன்னும் கொஞ்சம் நேரான வரிகளில்.

கள்ளாட்டம் ஆடாத உன் வீட்டுக்காரன்,
மாரிமுத்து